திருகோணமலையின் மறைந்த எழுத்தாளர்: நினைவும் மறதியும்

எழுத்தாளர் ஒருவர் மறைந்த பின்னர் அவரைச் சமுதாயம் பேணிக்கொள்ளும் முறையிலேயே இலக்கிய வரலாறு உருவாகின்றது. இவ்வுண்மையை ஈழத்தவர் முன்னரே உணர்ந்திருந்தனர். புலவர் வரலாறுகளைத் தொகுத்துச் சைமன் காசிச்செட்டி 1859 ஆம் ஆண்டு 'தமிழ் புளூட்டாக்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' 1886 இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் மறைந்த எழுத்தாளரைப் பட்டியலிட்டு அஞ்சலி செய்யும் இக்கால வழக்கம் அம்மரபின் தொடர்ச்சியே எனலாம். எனினும் பிறந்த ஊரை விட்டுச் சென்று பிறிதோர் இடத்தில் மறைந்தோர் இத்தகைய பட்டியல்களில் எளிதில் விடுபட்டுப் போகின்றனர். திருகோணமலையின் இலக்கிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

உலக வரலாற்றில் திருகோணமலை துறைமுகமாகவே அறியப்பட்டுள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோரின் போட்டியும், 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி நிகழ்ந்த ஜப்பானியக் குண்டுவீச்சும், 1957 வரை நிலைத்த பிரித்தானியக் கடற்படைத் தளமும் பல நூல்களில் பதிவு பெற்றுள்ளன. உப்புவெளியில் போரில் மாண்டோரின் கல்லறைகள் பெயர் பொறித்த கற்களுடன் இன்றும் பேணப்படுகின்றன. எழுத்தாளனுக்கோ அவன் நூலே நடுகல். அந்நூல் கிடைக்காதொழியின் அவன் இரண்டாம் முறையும் இறந்தவனாகின்றான்.

இவ்வூரில் தோன்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் கல்வி கற்று, அங்குள்ள கீழைத்தேயச் சுவடி நிலையத்தில் பணியாற்றினார். பெண்களின் விடுதலையை வற்புறுத்தும் 'தத்தைவிடு தூது' என்னும் செய்யுள் நூலை 1892 இலும், 'மோகனாங்கி' என்னும் நாவலை 1895 இலும் அவர் வெளியிட்டார். வேதநாயகம்பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879 இல் வெளிவந்து பதினாறு ஆண்டுகளே அப்போது கழிந்திருந்தன. பதினேழாம் நூற்றாண்டுத் தஞ்சை, மதுரை நாயக்க அரசுகளின் பகையைப் பின்னணியாகக் கொண்ட 'மோகனாங்கி', தமிழின் முதலாவது வரலாற்று நாவலாக ஆய்வாளரால் கருதப்படுகின்றது. ஆசிரியரோ நாற்பது வயது நிறையுமுன் 1902 இல் மறைந்தார். பின்னர் நிகழ்ந்தது கவனத்திற்குரியது. கதைக்களம் தமிழகமாகையால் அதனை ஈழத்து நாவலாகக் கொள்ளலாமோ என்னும் ஐயம் இங்கு எழுந்தது. அங்கோ வேதநாயகம்பிள்ளை, ராஜமையர், மாதவையா என்னும் வரிசையே பெரிதும் பேசப்பட்டது. இருகரைக்கும் உரிய நூல் இருகரையிலும் தன் இடத்தை வாதிட்டுப் பெறவேண்டியதாயிற்று.

அவருடைய தமையனார் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் சென்னையில் வாழ்ந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர். பண்டைப் புலவர் பாடிய தனிப்பாடல்களை அவை பாடப்பெற்ற சந்தர்ப்பங்களுடன் தரும் 'தமிழ் நாவலர் சரிதை'யை அவர் 1921 இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே காலமானார். மறைந்த புலவரின் நினைவைக் காப்பதில் உழைத்த அவரது பெயரை இன்று பதிப்பு வரலாறு பயில்வோர் மட்டுமே அறிவர்.

1939 இல் திருகோணமலையில் பிறந்த தருமு சிவராமு என்னும் பிரமிளின் வாழ்வும் இவ்வழியே சென்றது. சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழில் இளமையிலேயே எழுதத் தொடங்கிய அவர் எழுபதுகளில் தமிழகத்திற் குடியேறினார். 'கண்ணாடியுள்ளிருந்து', 'கைப்பிடியளவு கடல்' முதலிய தொகுதிகள் தமிழ்ப் புதுக்கவிதையின் போக்கை மாற்றின. ஈழத்து நெருக்கடி பற்றி 1984 இல் 'ஸ்ரீலங்காவின் தேசியத் தற்கொலை' என்னும் நூலையும் எழுதினார். எனவே பிறந்த மண்ணை அவர் மறந்தவரல்லர். வேலூரை அடுத்த கரடிக்குடியில் 1997 ஜனவரி 6 ஆம் திகதி அவர் மறைந்தார்.

துறைமுகம் அனுப்புவதோடு நில்லாது ஏற்றுக்கொள்வதும் உண்டு. யாழ்ப்பாணத்து மட்டுவிலிற் பிறந்த நந்தினி சேவியர் திருகோணமலையில் வாழ்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வைச் சிறுகதைகளாக்கினார். 'அயற்கிராமத்தைச் சேர்ந்தவர்கள்', 'நெல்லிமரப் பள்ளிக்கூடம்' ஆகியன அவர்தம் தொகுதிகள். அவர் 2021 செப்டெம்பரில் மறைந்தார். 'மல்லிகை' ஆசிரியர் டொமினிக் ஜீவாவை ஜனவரியிலும் கி. ராஜநாராயணனை மே மாதத்திலும் தமிழுலகம் இழந்த ஆண்டு அது. பெரும் பெயர்களின் மறைவுகளிடையே சிறிய எண்ணிக்கையில் எழுதியவரின் மறைவு ஒதுங்கிப்போதல் இயல்பே. ஆயினும் எழுத்தின் பெறுமதி எண்ணிக்கையால் அளக்கப்படுவதன்று. எழுத்தாளரை அட்டையிற் படமாக இட்டு, வாழுங்காலத்திலேயே மதித்த 'மல்லிகை'யின் மரபு இங்கு நினைக்கத்தக்கது.

சென்னையில் அச்சாகியமையால் சரவணமுத்துப்பிள்ளை சென்னைக்கு மட்டும் உரியவராகார். கரடிக்குடியில் அடக்கமானமையால் பிரமிள் வேலூருக்கு மட்டும் உரியவராகார். இவர்தம் நூல்கள் திருகோணமலை மாணவன் கையில் கிடைக்குமாறு மறுபதிப்புப் பெறுதலும், பாடசாலை நூலகங்களில் இடம்பெறுதலும், வகுப்பறையிற் பயிலப்படுதலுமே உண்மையான அஞ்சலியாகும். ஆண்டுக்கொரு முறை பெயர் சொல்லி எழுந்து நிற்பதோடு அக்கடமை முடிந்துவிடாது. நூல் வாசிக்கப்படும் வரையிலேயே ஆசிரியன் வாழ்கின்றான்.