மானாவாரித் தோட்டச் செடிகள்

தண்ணீர் பாய்ச்சாமல், மழையை மட்டும் நம்பித் திறந்த வெயிலில் வளர்க்கப்படும் செடிகள் இவை. வறட்சி தாங்கும் செடி எது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் தமிழகச் சமவெளியில் சிக்கல் மழையின் அளவைவிட அதன் இடைவெளியில்தான் இருக்கிறது. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கடலோர மாவட்டங்களில் அதன்பின் பல மாதம் பெயருக்குத்தான் தூறல். அந்த இடைவெளியைச் செடி எப்படிக் கடக்கிறது என்பதே தேர்வின் அளவுகோல். கற்றாழையும் பிரண்டையும் சதையில் நீரைத் தேக்கிவைக்கின்றன. பகலில் மூடிய துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்கின்றன. ஆவாரை வேரை ஆழத்துக்கு அனுப்புகிறது. காகிதப்பூவோ மண் காய்ந்தால்தான் பூத்துக் குலுங்கும். நீர் மிகுந்தால் இலையாகத் தழைத்து நின்றுவிடும்.

இப்படித் தேர்ந்தெடுத்த செடியும் முதல் கோடையிலேயே கருகுகிறதே என்ற கேள்வி நியாயமானது. வறட்சியைத் தாங்குவது வேர் பிடித்த செடி; தொட்டிக்குள் வேர் சுருண்ட நாற்று அல்ல. ஆளுயரக் கன்றைப் பங்குனியில் நடுவதைவிடச் சாண் உயரக் கன்றை ஐப்பசியில் நடுவது மேல். முதல் கோடையில் எப்போதாவது ஒரு குடம் ஊற்றினால் மானாவாரி என்ற பெயர் கெட்டுவிடாது. இன்னொன்று பலர் கவனிக்காதது: கற்றாழையைக் கோடை வெயிலைவிடக் கார்த்திகையில் தேங்கும் மழைநீரே அதிகம் அழுகவைக்கிறது. களிமண் நிலமானால் மேடு கட்டி நட வேண்டும்.

எதையும் தாங்கும் சீமைக் கருவேலத்தையே வைத்தால் என்ன என்றும் கேட்கலாம். பராமரிப்பு என்பது நீரூற்றுவது மட்டுமல்ல, பரவியதைப் பிடுங்குவதும்தான். அந்தக் கணக்கில் அதைவிடச் செலவு பிடிக்கும் மரம் அரிது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளியும் ஒருகாலத்தில் தென்னிந்தியாவில் இப்படித்தான் மண்டியது. 1926-இல் அதைத் தின்னும் செதில்பூச்சியினத்தைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. அரளி அப்படிப் படர்ந்து தொல்லை தருவதில்லை, வெயிலுக்கும் அஞ்சாது. ஆனால் அதன் வேர் முதல் விதை வரை நஞ்சு. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் அதை நடக் கூடாது.