ஆமை நடை: சென்னை மாணவர்களின் களப்பயிற்சி வரலாறு

சென்னையில் மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இயற்கையைக் கற்கும் களப்பயிற்சி 1970களில் இரண்டு இடங்களில் வேர்விட்டது. ஒன்று கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணை. மற்றொன்று அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே நீளும் கடற்கரை. பாம்புப் பண்ணையில் பழகியவர்களே கடற்கரைக்கும் வழி திறந்தார்கள். அங்கே தொடங்கிய ‘ஆமை நடை’ அரை நூற்றாண்டாகத் தலைமுறை மாறி நடந்துவருகிறது.

பாம்புப் பண்ணையை நிறுவியவர் ராமுலஸ் விட்டேகர். கிண்டியில் அது 1972 முதல் இயங்குகிறது. பாம்பைக் கண்டால் அடித்துக் கொல்வதே வழக்கமாக இருந்த காலம் அது. எது நஞ்சுள்ளது, எது நஞ்சற்றது, கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று மக்களுக்குச் சொல்வது பண்ணையின் முதல் வேலையாயிற்று. விலங்குகளில் ஆர்வம் கொண்ட பள்ளி, கல்லூரி மாணவர்கள் அங்கே தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். காட்டுயிர்ப் படங்களுக்காகப் பின்னாளில் பெயர்பெற்ற சேகர் தத்தாத்ரி அப்படிச் சேர்ந்தபோது அவருக்கு வயது 13. இங்கே ஆசான்கள் நூலறிவு பெற்றவர்கள் மட்டுமல்லர். தடம் பார்த்தும் வளை பார்த்தும் பாம்பைக் கண்டுபிடிக்கும் இருளர்களின் அறிவும் இந்த வட்டத்தில் மதிக்கப்பட்டது. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் உருவானதும் இதே சூழலில்தான்.

இந்த வட்டத்தைச் சேர்ந்த இளைஞர்கள் 1970களின் முற்பகுதியில் இரவு நேரங்களில் கடற்கரையில் நடக்கத் தொடங்கினார்கள். ஆலிவ் ரிட்லி எனப்படும், மீனவர் வழக்கில் பங்குனி ஆமை எனப்படும் கடலாமை சென்னைக் கரையில் முட்டையிடுவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை ஆமைகள் வருகின்றன, முட்டைகள் என்ன ஆகின்றன என்ற கணக்கு யாரிடமும் இல்லை. பெரும்பாலான முட்டைகள் தோண்டி எடுக்கப்பட்டு உணவாயின. எஞ்சியவற்றை நாய்கள் தின்றன. மணலில் பதிந்த தடத்தைப் பின்பற்றிக் கூட்டைக் கண்டுபிடித்து, முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றும் முறை அப்போது உருவானது.

அந்நடைகளில் பங்கெடுத்தவர்களுள் முதன்மையானவர் சென்னை ஐ.ஐ.டி. மாணவராக இருந்த சதீஷ் பாஸ்கர். பட்டத்தைவிடக் கடற்கரையே அவரை இழுத்தது. லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் உட்பட இந்தியக் கரைகளைப் பெரும்பாலும் கால்நடையாகவே அளந்து, எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று பதிவு செய்தார். 1982இல் மழைக்காலம் முழுவதும் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலி தீவில் தனியே தங்கி ஆமைகளைக் கவனித்தார். நாட்டின் கடலாமை ஆய்வுக்கு அவரது பதிவுகளே அடித்தளம்.

பெண் ஆமை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான இரவுகளில் கரையேறுகிறது. அலை எட்டாத மணலில் பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. ஆமை மணலில் முட்டையைப் புதைத்து வைப்பதை அகநானூற்றின் 160ஆம் பாடல் சொல்கிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை அதைக் காக்கும் என்றும் சொல்கிறது. உண்மையில் கடலாமை முட்டைகளுக்குத் தாயும் காவலில்லை, தந்தையும் காவலில்லை. மணலின் வெப்பமே அவற்றை 45 முதல் 60 நாட்களில் பொரிக்கச் செய்கிறது. மாநகரத்துக் கரையில் அந்த நாட்களைக் கடப்பதுதான் கடினம்.

1970களின் பிற்பகுதியில் பொரிப்பகப் பணியை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், 1980களில் மாநில வனத்துறையும் ஏற்று நடத்தின. அப்பணி நின்றபோது, 1988இல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். எஸ்.எஸ்.டி.சி.என். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இவ்வமைப்பின் தொடக்கக்கால உறுப்பினர்களில் ஒருவர் கார்த்திக் சங்கர். அவர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகி, கடலாமை ஆய்வில் முன்னணி அறிஞரானார்.

நடையின் முறை எளியது, உழைப்பு பெரியது. நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையிலிருந்து புறப்படும் குழு, ஏறத்தாழ 7 கி.மீ. நடந்து விடியலுக்கு முன் பெசன்ட் நகரை அடையும். டார்ச் வெளிச்சம் கரையேறும் ஆமையை மிரட்டித் திருப்பிவிடும் என்பதால் இருட்டிலேயே நடக்க வேண்டும். ஆமைத் தடம் டிராக்டர் சக்கரம் ஓடியதுபோல் மணலில் தெரியும். தடம் முடியும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, இளகிய மணலை அறிந்து, கையால் தோண்டி முட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் அவற்றை இடம் மாற்றிவிட வேண்டும். கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிய பிறகு முட்டையை அசைத்தால் அது இறந்துவிடும். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவில் குழி தோண்டிப் புதைத்து, நாளும் எண்ணிக்கையும் எழுதி வைப்பார்கள். பொரிக்கும் நாள் நெருங்கும்போது குழியின் மேல் கூடை கவிழ்க்கப்படும். குஞ்சுகள் அலையோரத்தில் விடப்பட்டுத் தாமே கடலுக்குள் இறங்கும். மார்ச்சில் இட்ட முட்டைகள் பொரிப்பது ஏப்ரல், மே மாதங்களில் என்பதால், கோடை விடுமுறையின் தொடக்கமும் இந்தப் பணியில் கழியும்.

இப்பயிற்சிக்குப் பாடப்புத்தகம் கிடையாது. புதிதாக வருபவர் முதலில் உடன் நடப்பார். பிறகு தடம் படிக்கவும் கூடு தோண்டவும் பழகுவார். அதன் பிறகு குழுவை வழிநடத்துவார். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் நடையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். கிளம்பும் முன் ஆமையைப் பற்றியும் கடற்கரையைப் பற்றியும் அவர்களிடம் பேசுவது மாணவர்களின் பொறுப்பு. தாம் கற்றதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தே அவர்கள் தேர்ச்சி பெற்றார்கள்.

பொரிப்பகம் தேவையா என்ற விவாதமும் இந்த வரலாற்றின் பகுதி. முட்டையை அது கிடக்கும் இடத்திலேயே காப்பதுதான் சிறந்தது, பொரிப்பகம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும். ஆகவே பொரிப்பகம் அமையும் இடமே ஆண் பெண் விகிதத்தை மாற்றிவிடக்கூடும். குஞ்சுகளைக் காப்பாற்றுவதால் மட்டும் இனம் பிழைக்காது என்பதையும் மாணவர்கள் கரையிலேயே கண்டார்கள். இழுவை வலையில் சிக்கும் ஆமை, மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வர முடியாமல் மூழ்கி இறக்கிறது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. கடற்கரை விளக்குகள் இன்னொரு சிக்கல். கடல்மேல் தெரியும் மெல்லிய ஒளியை நோக்கிச் செல்ல வேண்டிய குஞ்சுகள் தெருவிளக்கை நோக்கித் திரும்பிவிடுகின்றன. பொரிக்கும் பருவத்தில் விளக்குகளை அணைக்கக் கோருவதும் நடையோடு சேர்ந்த வேலையாயிற்று.

சுற்றுச்சூழல் கல்வி நாடெங்கும் கட்டாயப் பாடமானது ஆமை நடை வேர்விட்ட பின்னர்தான். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் அதை எல்லா நிலைகளிலும் கற்பிக்க ஆணையிட்டது. அதன் விளைவாகப் பாடநூல்கள் வந்தன, மதிப்பெண்கள் வந்தன. 2001இல் தொடங்கிய தேசியப் பசுமைப் படைத் திட்டத்தால் பள்ளிகளில் மன்றங்களும் அமைந்தன. ஆனால் பாடநூல் எல்லா மாணவரையும் எட்டினாலும், ஓர் உயிரினத்தைப் பருவம் முழுதும் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்யும் பழக்கத்தை அதனால் தர இயலவில்லை. அதைத் தந்தது கடற்கரை.

கடலாமைகள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பதால், வனத்துறை அனுமதியின்றி முட்டையையோ குஞ்சையோ தொடக்கூடாது. அந்த அனுமதியுடன் மாணவர் அமைப்பு இன்றும் இயங்குகிறது. வனத்துறையும் தமிழகக் கரை நெடுகப் பொரிப்பகங்களை நடத்துகிறது. ஆய்வு நிறுவனம், அரசுத் துறை என்று கை மாறிய பணியை 1988இல் எடுத்துக்கொண்ட மாணவர்கள் அதை இதுவரை விட்டுவிடவில்லை என்பதே ஆமை நடையின் பெருமை.