யூ ஜெமினோரம்: விளக்கத்துக்குக் காத்திருந்த பதிவேடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய வானியலாளர் பலர் சிறுகோள்களைத் தேடுவதில் முனைந்திருந்தனர். ராசி மண்டலத்தை ஒட்டிய விண்மீன்களை வரைபடத்தில் குறித்துவைத்து, அதில் இல்லாத புள்ளி ஏதும் வானில் தென்படுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே அவர்களுடைய முறை. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் ஜார்ஜ் பிஷப் நிறுவிய தனியார் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் ரஸ்ஸல் ஹிண்ட், 1855 டிசம்பர் 15 அன்று மிதுன ராசியில் அப்படியொரு புள்ளியைக் கண்டார். நீலச்சாயல் கொண்டிருந்த அது சிறுகோளைப்போல் இடம்பெயரவில்லை. வெகுவிரைவில் மங்கியும் போயிற்று. மங்கலான ஒரு விண்மீன் திடீரென ஒளிர்ந்து அடங்குவதை நோவா என்பர். இதையும் அவ்வகையில் சேர்த்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் 1856 மார்ச்சில், ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் ஆய்வகத்தைச் சேர்ந்த நார்மன் போக்சன் அதே இடத்தில் அது மறுபடியும் ஒளிர்வதைப் பார்த்தார். நூறு நாள் கழித்துத் திரும்பி வரும் நோவாவை அதுவரை எவரும் அறிந்ததில்லை.

விண்மீன்களின் ஒளியை அளக்கும் பொலிவெண் முறைக்குத் திட்டமான கணித வடிவத்தைப் போக்சன் முன்மொழிந்ததும் அதே 1856-இல்தான்: பொலிவெண்ணில் ஐந்து குறைந்தால் ஒளி நூறு மடங்கு மிகும். யூ ஜெமினோரம் என்று பெயர்பெற்ற இந்த விண்மீன் பதினான்காம் பொலிவெண்ணிலிருந்து ஒன்பதுக்கு, அதாவது ஏறத்தாழ நூறு மடங்கு, ஒளிகூடுவது என்பதால் அவ்வளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. போக்சன் 1861-இல் சென்னை வானாய்வகத்துக்குத் தலைமையேற்று, 1891-இல் இறக்கும்வரை இங்கேயே பணியாற்றினார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் கண்டறிந்த ஆர் ரெட்டிக்குலியும், வேறு வகையைச் சேர்ந்ததே எனினும், ஒளிமாறும் விண்மீனே.

யூ ஜெமினோரத்தின் ஒளிப்பெருக்குகளுக்கு இடைப்பட்ட காலம் சராசரியாக நூறு நாள் எனினும், சில வேளை இரண்டு மாதமாகச் சுருங்கியும் சில வேளை ஆறு மாதத்துக்கு மேல் நீண்டும் அது கணிப்புக்கு அடங்காதிருந்தது. ஹார்வர்டு ஆய்வகத்தின் ஒளிப்படத் தகடுகளிலிருந்து லூயிசா வெல்ஸ் 1896-இல் கண்டுபிடித்த எஸ்எஸ் சிக்னி இவ்வகையில் இன்னும் பொலிவானது. 1911-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்தின் ஆர்வலர்கள், அருகிலுள்ள விண்மீன்களோடு கண்ணால் ஒப்பிட்டு இவற்றின் பொலிவை மதிப்பிட்டுப் பதிந்து வந்தனர். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இந்தப் பதிவேடு தனக்குரிய விளக்கம் இல்லாமலே வளர்ந்தது. அறிவியல் வரலாற்றில் இத்தகைய பொறுமைக்குக் கிடைக்கவேண்டிய மதிப்பு கிடைத்ததில்லை.

விளக்கத்தின் முதல் இழை 1954-இல், நோவாவாக முன்பு வெடித்திருந்த டிக்யூ ஹெர்குலிஸ் 4 மணி 39 நிமிடத்துக்கு ஒருமுறை மறைப்புக்கு உள்ளாகும் இரட்டை விண்மீன் என்று மெர்ல் வாக்கர் காட்டியபோது கிடைத்தது. எஸ்எஸ் சிக்னியும் இரட்டையே என்று ஆல்ஃபிரட் ஜாய் 1956-இல் நிறுவினார். யூ ஜெமினோரத்தின் மறைப்புகளைப் பற்றி 1965-இல் எழுதிய வோய்ச்செக் கிஷெமின்ஸ்கி, ஒளிப்பெருக்கின்போது மறைப்பு தென்படாமற் போவதைக் கண்டு, வெடிப்பது அந்த இரட்டையின் சிவப்புத் துணை விண்மீனே என்று முடிவுசெய்தார். அளவீடு செம்மையானது; முடிவுதான் பிழை.

யூ ஜெமினோரம் அமைப்பில் இருப்பவை இரண்டு: எரிபொருள் தீர்ந்து, சூரியனை ஒத்த நிறை பூமியளவு உருவுக்குள் ஒடுங்கிய வெண்குள்ளன் ஒன்று; அதை 4 மணி 15 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் சிவப்பு விண்மீன் மற்றொன்று. சிவப்பு விண்மீனிலிருந்து வழியும் வாயு நேரே விழாமல் வெண்குள்ளனைச் சுற்றித் தட்டாகச் சுழல்கிறது. வாயுத்தாரை அத்தட்டின் விளிம்பில் மோதும் இடமே ஒளிப்புள்ளியாகச் சுடர்கிறது என்றும், மறைக்கப்படுவது வெண்குள்ளன் அன்று, அப்புள்ளியே என்றும் வார்னர், நேதர் இருவரும், தனியாக ஸ்மாக்கும் 1971-இல் காட்டினர். 1974-இல் யோஜி ஒசாகி, வெடிப்பின் இருப்பிடம் தட்டுதான் என்றார்: ஏரியில் நீர் சேர்வதுபோல் தட்டில் வாயு சேர்ந்துகொண்டே வந்து, ஒரு வரம்பைத் தாண்டியதும் உடைத்துக்கொண்டு வெண்குள்ளனை நோக்கிப் பாய்கிறது. ஹைட்ரஜன் அயனியாகும் வெப்பநிலையில் வாயுவின் உராய்வு திடீரென மிகுவதே அந்த வரம்புக்குக் காரணம் என்பது பின்னர் தெளிந்தது. வெண்குள்ளனின் மேற்பரப்பில் அணுக்கரு எரிப்பால் நிகழும் நோவாவுக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. இவ்வகை இன்று குறுநோவா எனப்படுகிறது.

இக்கொள்கைக்கு எஸ்எஸ் சிக்னியே இடையூறாக வந்தது. ஹபிள் தொலைநோக்கியின் அளவீடு அதன் தொலைவை 500 ஒளியாண்டுக்கும் மேல் என்றது. அவ்வளவு தொலைவிலிருந்து இவ்வளவு ஒளி வருமெனில் தட்டில் வாயு ஓயாமல் பாய்ந்தாக வேண்டும், விட்டுவிட்டு ஒளிபெருக வழியில்லை. அந்த விண்மீன் ஒளிப்பெருக்கின்போது மட்டுமே ரேடியோ அலைகளை உமிழும் என்பதால், ஆர்வலர்கள் தகவல் தந்தவுடன் ரேடியோ தொலைநோக்கிகளைத் திருப்பி அளந்த மில்லர் ஜோன்ஸ் குழுவினர், அதன் தொலைவு ஏறத்தாழ 370 ஒளியாண்டுதான் என்று 2013-இல் அறிவித்தனர். ஒசாகியின் விளக்கம் நிலைத்தது.