கோர்ட் ஆர்டர் இருக்குதுங்களா?

2003இல் மதுரையை விட்டுக் கோவைக்கு வந்தேன். இரண்டு பெட்டிகள், பள்ளிக்குப் போகும் மகள், ஒரு பழைய ஸ்கூட்டர். கைப்பையில் ஓட்டுநர் உரிமம் இருந்தது. அதில் மதுரை முகவரியும், கணவர் பெயர் என்ற இடத்தில் நான் விட்டுவந்த மனிதரின் பெயரும் இருந்தன. ஊர் ஊராகப் போய் மகளிர் குழுக்களின் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. உள்ளூர் முகவரியோடு லைசென்ஸ் நகல் கொடுத்தால்தான் பெட்ரோல் படி என்றார்கள். அந்தப் படி இல்லாவிட்டால் சம்பளத்தில் பாதி வண்டிக்கே போய்விடும்.

முகவரி மாற்றத்துக்காகப் போன அலுவலகத்தில் ரேஷன் கார்டு கேட்டார்கள். அது மதுரையில் அவர் பெயரில் இருந்தது. கேஸ் இணைப்பும் அப்படியே. கரண்டு பில் வீட்டு உரிமையாளர் பெயரில். வாடகை ஒப்பந்தம் கேட்டால் அந்த அம்மா, "உங்க வீட்டுக்காரர் வரட்டுங்க, அவர் பேர்ல எழுதிக்கலாம்" என்றார்.

இரண்டாம் முறை போனபோது குமாஸ்தா தன்மையாகத்தான் பேசினார். "அவரு வந்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுருமுங்க." பிரிந்து வந்துவிட்டேன் என்றேன். "அப்ப கோர்ட் ஆர்டர் இருக்குதுங்களா?"

அந்த ஆள்மீது வெகுநாள் கோபம் இருந்தது. பிறகு ஒரு சட்டப் பயிலரங்குக்காக 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தைப் படித்தபோதுதான், அது அவருடைய கேள்வியே அல்ல என்று தெரிந்தது. திருமணத்தால் பெண் கணவனின் வாழிடத்தைத் தன் வாழிடமாகப் பெறுகிறாள் என்கிறது 15ஆம் பிரிவு. மணவாழ்வு நீடிக்கும்வரை அவன் வாழிடமே அவள் வாழிடம் என்கிறது 16. விதிவிலக்குகள் இரண்டுதான்: நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்திருக்க வேண்டும், அல்லது கணவன் தீவாந்தர தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்க வேண்டும். என் கணவரை அந்தமானுக்கு யாரும் அனுப்பவில்லை. ஆகவே கோர்ட் ஆர்டர்.

அந்தச் சட்டம் எழுதப்பட்டது லைசென்ஸுக்காக அல்ல. இந்தப் பிரிவுகள் இந்துக்களுக்குப் பொருந்துவதும் இல்லை. குமாஸ்தா அதைப் படித்திருக்கவும் மாட்டார். ஆனாலும் அதே கணக்கில்தான் கேட்டார். மனைவிக்குத் தனி வாழிடம் இல்லை என்ற கோட்பாட்டை இங்கே கொண்டுவந்த இங்கிலாந்து, 1973இல் சட்டம் இயற்றி அதைக் கைவிட்டது. நம் சட்டப் புத்தகத்தில் அந்த வரிகள் இருந்துகொண்டே இருந்தன. எழுதப்பட்ட சட்டம் எட்டாத மேசைகளில்கூடப் பழக்கமாக அது உட்கார்ந்திருந்தது.

வண்டி ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்குப் பெண்கள் எப்போதோ பதில் சொல்லியாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993இலேயே அரசுப் பேருந்தின் ஓட்டுநராகிவிட்டார். அலுவலகம் கேட்டதெல்லாம் நான் யார் வீட்டில் இருக்கிறேன் என்பதைத்தான்.

வழி காட்டியது கோர்ட் வாசலில் மரத்தடியில் டைப் அடிக்கும் ஒரு அக்கா. "அஃபிடவிட் போட்டுக் குடு கண்ணு, வாங்கித்தான் ஆகோணும்" என்றார். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 4ஆம் விதி, வேறு ஆவணம் தர முடியாதவர் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் தந்தால் உரிமம் வழங்கும் அதிகாரி அதை ஏற்கலாம் என்கிறது. யார் மனைவி என்ற கேள்வி அதில் இல்லை. பதினான்கு வருடமாக அந்த விதி அங்கேயே இருந்திருக்கிறது. மூன்று முறை போனதில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

குடும்ப அட்டையில் பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்ணே குடும்பத் தலைவி என்று தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொன்னது 2013இல். எனக்குப் பத்து வருடம் தாமதம்.

பத்திரத்தோடு நான்காம் முறை போனேன். குமாஸ்தா மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். கணவர் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அந்த இடத்தைக் காலியாக விட முடியாதாம். என் பெயருக்குக் கீழே யாராவது ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

"அப்பா பேரு போட்டுக்கலாமுங்களா?"

அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர். அவர் பெயரையே எழுதிக் கொடுத்தேன்.