பாட்டின் மேல் எழுதிய கணக்கு

புதுக்கோட்டையைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சுகள்தான் உண்டு. ஒன்று, 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த தொண்டைமான். மற்றது, சித்தன்னவாசல் தாமரைக் குளம். முதலாவது வெட்கம், இரண்டாவது பெருமை. இரண்டுக்கும் படிப்பு தேவையில்லை; அதுதான் அவற்றின் சௌகரியம். வெட்கப்படுகிறவன் திருக்களம்பூர்க் காட்டோடு நின்றுவிடுகிறான். பெருமைப்படுகிறவன் அஜந்தாவோடு ஒப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறான். நடுவில் இரண்டாயிரம் வருஷமாகப் பாறைகளில் எழுதிவைத்திருப்பதை யாரும் சீண்டுவதில்லை.

மாவட்டம் என்ற பெயர் 1974 ஜனவரி 14இல் வந்தது. திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பகுதிகளை எடுத்துச் சேர்த்தார்கள். இதன் பெரும்பகுதி 1948 வரை தனிச் சமஸ்தானம். தொண்டைமான் சமஸ்தானம் அரசியலில் என்ன செய்தது என்பது வேறு விவகாரம். கல்வெட்டு விஷயத்தில் அது செய்த காரியத்தைப் பெரிய ராஜ்யங்கள் பல செய்யவில்லை. 1910இல் ஒரு மியூசியம் வைத்தது. தன் எல்லைக்குள் அகப்பட்ட கல்வெட்டுகளை ஊர் ஊராகப் படியெடுத்து, 1929இல் மூலத்தை அப்படியே புத்தகமாக அச்சிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாசனங்கள். முன்னுரையில் சுயபுராணம் இல்லாத புத்தகங்கள் தமிழில் குறைவு. அந்த வகையிலும் இது குறிப்பிடத்தக்கது.

வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் (பேரேடு இப்போது கணினிக்குள் போய்விட்டது, பிழைப்பு மாறவில்லை) அந்தத் தொகுதியைப் புரட்டினால் அந்நியமாக எதுவும் படாது. நிலம் விற்றது, விற்ற நிலத்துக்கு நான்கெல்லை, விளக்கெரிக்க வைத்த முதல், முதல் அழியாமல் பலிசை மட்டும் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை, கடைசியில் சாட்சிகள். மேலே மெய்க்கீர்த்தியில் அரசன் திசையெல்லாம் வென்றுகொண்டிருப்பான். கீழே ஊரார் அரை மா நிலத்துக்கு வாய்க்கால் எந்தப் பக்கம் என்று நிதானமாக எழுதிக்கொண்டிருப்பார்கள். சோழர் ஓய்ந்த பிறகு வந்த கலவர காலங்களில் ஊர்கள் தங்கள் பாடிகாவலையே அரையர்களுக்கு விற்றிருக்கின்றன. கள்ளனுக்குப் பயந்து காவல்காரனிடம் ஊரை எழுதிக்கொடுக்கிற அந்தப் பத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பது, எந்தப் போர் வர்ணனையையும்விட என்னைக் கலங்க அடிக்கிற வாசிப்பு.

சித்தன்னவாசலிலேயே ஓவியத்தைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் குன்றின் மறுபக்கம் போவதில்லை. ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களுக்காக வழுவழுப்பாக்கிய 17 கல் படுக்கைகள் இருக்கின்றன. ஒன்றின் அருகில் பிராமி எழுத்தில் ஒரு தமிழ் வாசகம். ஐராவதம் மகாதேவன் அதைக் கி.மு. முதல் நூற்றாண்டில் வைக்கிறார். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்தவருக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்பது செய்தி. எருமிநாடு மைசூர்ப் பக்கம் என்கிறார்கள். வெளியூர்த் துறவிக்கு உள்ளூர்க்காரன் ஒரு கல்லை வெட்டிக் கொடுக்கிறான். கொடுத்தவன், பெற்றவன், பெற்றவனுடைய ஊர், கொடுத்த பொருள். ஒரு ரசீதுக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. அடையில் ஒரு அடைமொழிகூட இல்லை. அறிவர் கோயில் ஓவியங்களைப் பல்லவ மகேந்திரவர்மன் கணக்கில் எழுதிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அங்கிருக்கும் கல்வெட்டில் ஸ்ரீவல்லபப் பாண்டியன் காலத்து மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் செய்த திருப்பணி சொல்லப்பட்டிருப்பதைக் கண்டு, ஓவியத்தை 9ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தார்கள். கலை விமர்சகன் தவறவிட்டதைக் கணக்கெழுதியவன் பிடித்துக் கொடுத்திருக்கிறான்.

நார்த்தாமலையும் இப்படித்தான். விஜயாலய சோழீச்சரம் என்று பெயர் இருப்பதால் சோழன் கட்டியதென்று சுற்றுலாப் பலகை எண்ணிக்கொள்ளும். அங்குள்ள கல்வெட்டு, சாத்தன் பூதி எடுத்த கற்றளி மழையால் இடிந்ததையும், மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்ததையும் சொல்கிறது. முத்தரையர் மண். பக்கத்தில் சமணர் குடகு என்று இன்றும் வழங்கும் குகை, பிறகு விஷ்ணு கோயிலாயிற்று. சுவரில் ஒன்றுபோல் பன்னிரண்டு திருமால்கள் நிற்கிறார்கள். பெயர் மட்டும் பழைய குடியிருப்பை மறக்கவில்லை. கொடும்பாளூர் மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள்தான் மிச்சம், வடக்கே உள்ளது அடித்தளத்தோடு சரி. இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தனக்கும் கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியருக்குமாக எடுத்தவை. சுவரிலுள்ள வடமொழிச் சாசனத்தின் தொடக்கம் சிதைந்துவிட்டதால் அந்த வம்சம் நமக்கு நடுவிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆனால் காளாமுகத் துறவிகள் ஐம்பது பேருக்குச் சோற்றுக்கு வைத்த ஏற்பாடு சேதமில்லாமல் இருக்கிறது. முப்பாட்டன் பெயர் போயிற்று, சாப்பாட்டுக் கணக்கு தங்கிற்று.

இத்தனை பற்றுவரவுக்கு நடுவில் ஒரே ஒரு பாறை வேறு காரியம் செய்கிறது. குடுமியான்மலையில் மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறைச் சரிவில், கிட்டத்தட்ட 13 அடிக்கு 14 அடி பரப்பில், கிரந்த எழுத்தில் வெறும் ஸ்வரங்கள். ஏழு பகுதிகள், ஏழு ராகங்கள். நான்கு நான்காகக் கோத்த ஸ்வரக் கூட்டங்கள். ஒரே ஸ்வரம் ச, சி, சு, செ என்று உயிர் மாறி மாறி வருகிறது. தானமில்லை, நிலமில்லை, நான்கெல்லையில்லை. முடிவில், ருத்ராசாரியரின் சிஷ்யனும் பரம மாஹேஸ்வரனுமான ஓர் அரசன் மாணாக்கர் நன்மைக்காகச் செய்தது என்று வடமொழியில் ஒரு குறிப்பு. எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரியவை என்று தமிழில் ஒரு வரி. அரசன் தன் பெயரைப் போடவில்லை. போடாததால் பின்னால் வந்தவர்கள் மகேந்திரவர்மன் பெயரைப் போட்டுக்கொடுத்தார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பெயரில்லாமல் ஒரு அரசன் இருப்பது நமக்குப் பொறுக்கவில்லை.

1904இல் இது கவனத்துக்கு வந்தது. பண்டார்கர் எபிகிராஃபியா இண்டிகாவில் பதிப்பித்தார். அதன் பிறகு இசை அறிஞர்கள் ஆளுக்கொரு விளக்கம் தந்திருக்கிறார்கள். உயிர் மாறுவது சுருதி பேதமா, வீணை மீட்டும் முறையா என்பதில் இன்றுவரை ஒத்த கருத்தில்லை. ஒவ்வொரு எழுத்தையும் வாசித்துவிடலாம். பாடத்தான் முடியாது.

திருமயத்துக்கு வருகிறேன். அங்கே ஒரே பாறையில் சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் அடுத்தடுத்துக் குடைவரைகளில் இருக்கிறார்கள். சிவன் குடைவரையிலும் குடுமியான்மலையைப் போல் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பெரும்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் 13ஆம் நூற்றாண்டில் வேறொன்றை வெட்டினார்கள். அது என்னவென்றால், இரண்டு கோயிலாருக்கும் இடையில் நெடுநாளாக நடந்த வழக்கின் தீர்ப்பு. ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் கூடி, நிலத்தையும் வருவாயையும் பங்கிட்டுச் சண்டையை முடித்திருக்கிறார்கள்.

இதை வைத்துக் காட்டுமிராண்டித்தனம் என்று புலம்புவது எளிது. கலையை வியாபாரம் விழுங்கியது என்று நம் வழக்கமான ஒப்பாரியையும் பாடலாம். தீர்ப்பைப் படித்தால் அந்த உற்சாகம் வடிந்துவிடும். அது ஒரு நாகரிகமான காரியம். சைவனும் வைணவனும் வெட்டிக்கொள்ளாமல், வெளியிலிருந்து வந்த ஒருவனை வைத்துக்கொண்டு, எண்ணிப் பிரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சமாதானத்தை எழுதிவைக்க எல்லோர் கண்ணிலும் படுகிற, இரு தரப்பும் மறுக்க முடியாத ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவரில் ஏற்கனவே ஏதோ எழுதியிருந்தது. ஏதோ என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. அவர்கள் இசையை அழித்ததாக நான் நினைக்கவில்லை. பல நூற்றாண்டு பழைய கிரந்தம், அதுவும் வார்த்தை சேராத வெறும் அசைகள். 13ஆம் நூற்றாண்டுக் கோயில் கணக்கனுக்கு அது கீறலாகத்தான் தெரிந்திருக்கும். உளி வைப்பதற்கு வெகு முன்பே அதற்கு வாசகன் இல்லாமல் போயிருந்தான்.

மரபைப் பற்றிப் பேசும்போது நாம் எலியட்டின் 1919 கட்டுரையை எடுத்துக்கொள்வோம். புதிய படைப்பு வந்து சேரும்போது பழையவை யாவும் சற்றே நகர்ந்து இடம் கொடுத்துப் புதிய ஒழுங்கு பெறுகின்றன என்பது அவர் தரும் சித்திரம். புத்தக அலமாரி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றக்கூடிய சித்திரம். அலமாரியில் இன்னொரு தட்டு போட்டுக்கொள்ளலாம். பாறையில் பரப்பு இவ்வளவுதான். திருமயத்தில் பழையது நகரவில்லை, தூளாக உதிர்ந்தது. மிஞ்சிய சில சொற்கள்தான், இங்கும் குடுமியான்மலை மாதிரி ஒன்று இருந்ததென்று நமக்குத் துப்புக் கொடுக்கின்றன. எலியட்டின் ஒழுங்கில் எல்லாப் பழையவற்றையும் படிக்கத் தெரிந்த ஒரு மனம் இருந்தாக வேண்டும். அந்த மனம் ஐந்நூறு வருஷம் விடுமுறையில் போனால் என்ன ஆகும் என்பது அக்கட்டுரையில் இல்லை.

அப்படியானால் குடுமியான்மலை எப்படித் தப்பியது? கலைக்கு மரியாதை கொடுத்தார்கள் என்று சொல்ல ஆசைதான். கீழே பெரிய கோயில் வளர்ந்தது, மண்டபங்கள் வந்தன, தேவரடியார் ஒருத்தி தன் பொருளில் அம்மன் சன்னதி எடுத்தாள். சுவர்கள் தாராளமாகக் கிடைத்தன, கணக்கெல்லாம் அவற்றில் ஏறியது. இசைப் பாறையின் இடம் எவருக்கும் தேவைப்படவில்லை. பாதுகாத்தது அலட்சியம். முழுசாக இருக்கிற அந்தப் பாறைக்கும் பாட முடியவில்லை என்பதைக் கூட்டிக்கொண்டால், திருமயத்தின் நஷ்டத்தைத் தனியாக எந்தப் பத்தியில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஐந்நூறு பிரதி அடித்து நூறு பேருக்குப் போய்ச் சேர்கிற பத்திரிகைகளில் எழுதுகிற நாம் இதில் பார்வையாளர்கள் அல்ல.

ஆவுடையார்கோயில் கொடுங்கையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டுமென்று நண்பர்கள் எதிர்பார்ப்பார்கள். கருங்கல்லை மரம்போல் இழைத்துக் கம்பிகளும் ஆணிகளும் தெரியச் செதுக்கிய தாழ்வாரம். சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' வேறு எதையும் செய்து தருகிறோம் என்று நிபந்தனை போடுவார்களாம். நான் அங்கே ரசிப்பது கொடுங்கையைவிட அந்த ஒப்பந்த வாசகத்தை. முடியாததை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற நேர்மை விமர்சகர்களிடமும் பழக்கத்தில் இருக்கலாம்.

பாறைக்கு இப்போது வந்திருக்கும் ஆள் கணக்கனும் அல்ல, குவாரிக்காரன். ஜல்லிக்கு எழுத்துள்ள கல் எழுத்தில்லாத கல் என்ற பேதமில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று நீலப் பலகை வைத்த குன்றுக்கு அடுத்த குன்று வெடிக்கிறது. ஆனால் குவாரியைத் திட்டிவிட்டு நகர்கிறவர்கள் அதற்குள் வேலை செய்தவர்களைப் பார்ப்பதில்லை. 1991இல் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்துக்கு வந்தபோது கல்லுடைக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்துக் கூட்டக் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். குவாரிகள் சில அவர்களுடைய குழுக்களுக்கே குத்தகைக்கு வந்தன. லோடு எத்தனை, கூலி எவ்வளவு, யார் பெயரில் எவ்வளவு பாக்கி என்பதற்கு அவர்களுக்கு எழுத்து வேண்டியிருந்தது. ஏழடிப்பட்டத்தில் பெயரும் ஊரும் வெட்டியவனுக்கு எதற்கு வேண்டியிருந்ததோ, கிட்டத்தட்ட அதற்கே.

திருமயம் போகிறவர்கள் 1687இல் சேதுபதி கட்டியதாகச் சொல்லும் கோட்டையில் ஏறி, பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு, வெயிலுக்கு முன் இறங்கிவிடுகிறார்கள். தீர்ப்பும் அதனடியில் மிஞ்சிய எழுத்துகளும் இருப்பது கீழே, சிவன் கோயில் குடைவரைக்குள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையில் போக வேண்டும், கையில் ஒரு டார்ச்சோடு. வெளிச்சத்தைச் சுவருக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பழைய எழுத்தின் பள்ளங்கள் தெரியும்.