ஜான்சி ராணிப் படை மகளிரின் தோழமை

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானமொன்று சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. முந்தைய ஆண்டின் படையெடுப்பு அச்சத்தில் நகரத்தின் பெரும்பகுதியே காலியாகியிருந்தது. அதே அக்டோபர் 22 அன்று, கடலுக்கு அப்பால் சிங்கப்பூரில், ஜப்பானின் பக்கம் நின்று பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குப் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

படைத்தலைவி சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் தமிழ்ப் பெண்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டியவர்களும் வசதியான வீட்டுப் பெண்களும் ஒரே கொட்டகையில் உறங்கி, சாதி மத வேறுபாடின்றி ஒன்றாக உண்டார்கள். அன்றைய குடும்பங்களில் நினைத்துப் பார்க்கவே முடியாத நெருக்கம் அது. ராசம்மா என்ற பெண்ணும் அவருடைய அக்கா பொன்னம்மாவும் சேர்ந்தே படையில் இணைந்தனர். ராசம்மாவுக்கு வயது 16.

பர்மாவின் மேமியோவில் காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்தபோது அந்த உறவு இறுகியது. உண்மையான சோதனை 1945 ஏப்ரலில் வந்தது. ரங்கூனைவிட்டுப் பின்வாங்கிய பெண்கள், தலைக்கு மேல் விமானங்கள் பறக்க, இரவுகளில் நடந்தார்கள். ஆறு கடந்தார்கள். மலாயா திரும்பும் வழியில் ரயில் தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவரைத் தோழியர் இழந்தனர்.

துப்பாக்கியைவிட இந்தத் தோழமையே படையின் பெரிய சாதனை. அதன் பலன் போருக்குப் பின்னும் தெரிந்தது. படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் 1946இல் மலாயா இந்திய காங்கிரசை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 16 வயதில் படையில் சேர்ந்த அந்த ராசம்மா, ராசம்மா பூபாலனாக மலேசிய மகளிர் அமைப்புகளின் முன்னோடியானார்.