பாறை இடுக்கில் கிடந்த சிப்பாய்

1957 அல்லது 58 இருக்கும். செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்குச் சுகாதார இலாகா ஜீப் ஒன்று வந்தது. மாரியம்மன் கோயிலுக்கு எதிரில் இரண்டு மூங்கிலை நட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய வெள்ளை வேட்டியைக் கட்டினார்கள். ஜீப் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு தகரப் பெட்டியில் விளக்கு ஏற்றி, கண்ணாடிச் சிலைடு ஒவ்வொன்றாகச் செருகிப் படம் காட்டினார் ஒருவர். மலேரியா பற்றிய படம். அந்தப் பெட்டியில் சிலைடைத் தலைகீழாகச் செருகினால்தான் வேட்டியில் நேராக விழும். ஒரு தடவை மறந்துபோய் நேராகவே செருகிவிட்டார். டாக்டர் தலைகீழாக நின்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் எந்தப் படத்துக்கும் அந்த வரவேற்பு இல்லை. மலேரியா எதனால் வருகிறது என்று மறுநாள் கேட்டிருந்தால் எங்களில் ஒருத்தனும் சொல்லியிருக்க மாட்டான்.

அந்தப் பெட்டிக்கு மேஜிக் லாந்தர் என்று பெயர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. 2016இல் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அதன் மூதாதை ஒன்றை மறுபடி பார்த்தேன்.

மகன் எங்களைப் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் கெட்டிஸ்பர்க் என்ற ஊருக்கு அழைத்துப் போனான். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரிய சண்டை நடந்த இடம். 1863 ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாளில் இரு தரப்பிலும் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல். அங்கே 'பிசாசின் குகை' என்று ஒரு பாறைக்குன்று. காரை விட்டு இறங்கியதும் என் மனைவி, "ஏங்க, நம்ம ராஜகிரி அடிவாரப் பாறையைப் பேத்து எடுத்துக்கினு வந்து வெச்ச மாதிரி இல்ல?" என்றாள். உண்மைதான். அதே மாதிரி உருண்டைப் பாறைகள், ஒன்றின் மேல் ஒன்று, இடுக்கில் ஆள் படுக்கிற அளவு சந்து. நிறம் மட்டும் நம்முடையதைவிடக் கறுப்பு.

ஊருக்குள் ஒரு பழம்பொருள் கடை. அங்கேதான் அந்த லாந்தர் இருந்தது. மேலே சின்னப் புகைபோக்கி, முன்னால் பித்தளைக் குழாயில் லென்ஸ். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடிச் சிலைடுகள். கடைக்காரப் பெரியவர் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கூடாரங்கள், சிப்பாய்கள், கையால் பூசிய நீல வர்ணம். விலையைக் கேட்டேன். பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டேன்.

ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். லாந்தரை 1659 வாக்கில் செய்தவர் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஹைகன்ஸ். அதைப் பயமுறுத்தப் பயன்படுத்தியவர் ராபர்ட்சன் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர். 1798இல் பாரிஸில் புகையின் மேல் படம் விழச் செய்து, புரட்சியில் கொலையான மாராவின் ஆவியை ஜனங்களுக்குக் காட்டினார். நம் புதுச்சேரியை ஆண்டவர்களின் தலைநகரில்தான். சொந்த நாட்டுச் சண்டையில் செத்தவர்களைத் திரையில் எழுப்பும் வேலை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. நம் பக்கத்தில் பாதிரிமார்கள் லாந்தரோடு கிராமம் கிராமமாகப் போய், பொழுது சாய்ந்ததும் பைபிள் படங்கள் காட்டினார்கள். 1905இல் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டக் கிளம்பியபோது, இருட்டில் உட்கார்ந்து துணியைப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களில் பலருக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

அமெரிக்காவுக்கு வருகிறேன். அந்தப் போர் நடந்த காலத்தில் புகைப்படம் எடுப்பது லேசான காரியமில்லை. கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன்பே படம் எடுத்து, உடனே அங்கேயே கழுவ வேண்டும். அதற்காகக் குதிரை வண்டியையே இருட்டறையாக்கிக்கொண்டு போனார்கள். படம் பதியச் சில விநாடிகள் பிடிக்கும். ஓடுகிற குதிரை, சுடுகிற சிப்பாய் எதுவும் பதியாது. அதனால் சண்டையின் படம் என்று அநேகமாக எதுவும் கிடையாது. சண்டை முடிந்த பிறகு அசையாமல் கிடந்தவர்களின் படம்தான். 1862 செப்டம்பரில் ஆன்டீட்டம் சண்டை முடிந்ததும் அலெக்ஸாண்டர் கார்ட்னர் எடுத்த பிணங்களின் படங்களை நியூயார்க்கில் பிரேடி என்பவரின் கூடத்தில் வைத்தார்கள். போர் என்றால் கொடியும் வாத்தியமும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஊர் ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

போர் முடிந்ததும் யாருக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை. பிரேடி கடனாளியானார். கண்ணாடித் தட்டுகள் கிடங்குகளில் கிடந்தன. 1875இல் அரசாங்கம் 25,000 டாலர் கொடுத்தது, கடனுக்கே அது போதவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான், போரில் இருந்தவர்களுக்குத் தலை நரைத்த காலத்தில், அந்தப் படங்களுக்கு மறுபடி உயிர் வந்தது. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டில் ஒரு நிறுவனம் அவற்றை லாந்தர் சிலைடாகப் போட்டு விற்றது. பழைய சிப்பாய்கள் தங்கள் சங்கக் கூடங்களில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். புகைப்படத்தில் இல்லாத சண்டையை ஓவியர்கள் வரைந்து இடையில் சேர்த்தார்கள். சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் பழுக்கக் காய்ச்சி வரும் வெளிச்சம் பெரிய கூடத்துக்கே போதுமாம். இரண்டு லென்ஸ் உள்ள பெட்டியானால் ஒரு படம் மங்கி அதன் மேலேயே அடுத்தது எழும். பாளையத்தில் சிரிக்கும் சிப்பாய் கரைந்து, அந்த இடத்தில் வெறும் வயல். யோசித்துப் பாருங்கள், தோழனை இழந்தவன் அதை எப்படிப் பார்த்திருப்பான்?

பிசாசின் குகையில் கார்ட்னர் ஒரு படம் எடுத்தார். இரண்டு பாறைகளுக்கு நடுவே அடுக்கிய கல்சுவர். அதன் பின்னால் தெற்குத் தரப்புச் சிப்பாய் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். துப்பாக்கி சுவரில் சாய்ந்திருக்கிறது. ஒளிந்திருந்து குறிபார்த்துச் சுடுகிறவன் தன் மறைவிடத்திலேயே மாண்டான் என்று கார்ட்னர் 1866இல் தன் புத்தகத்தில் கதை எழுதினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நாடே அதை நம்பியது. 1975இல் வில்லியம் ஃப்ராசனிட்டோ என்ற ஆராய்ச்சியாளர், பழைய படங்களையும் பாறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து உண்மையைச் சொன்னார். அந்தப் பையன் செத்தது கீழே சரிவில். அங்கேயும் அவனைப் படம் எடுத்திருக்கிறார்கள். பிறகு சுமார் அறுபது, எழுபது மீட்டர் தூக்கிவந்து சுவருக்குப் பின்னால் கிடத்தியிருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கிகூடக் குறிபார்த்துச் சுடுகிறவர்களுடைய ரகம் இல்லை.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தா ஞாபகம்.

தாத்தா தேசிங்குராஜன் கதையை ராகம் போட்டுப் பாடுவார். பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார், ஆனால் அதைப் பார்க்க மாட்டார். மடியில் இருக்கும், அவ்வளவுதான். தெருவே திண்ணையில் கூடும். தேசிங்கு சின்னப் பையனாக டில்லிக்குப் போய்ப் பாதுஷாவின் அடங்காத குதிரையை அடக்கும் இடம் வந்தால் குரல் இரண்டு கட்டை ஏறும். 1972இல் நான் சரித்திர வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்த புதிது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட சி.எஸ்.சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாற்றைப் படித்துவிட்டு வந்திருந்தேன். ஒரு நாள் திண்ணையில் எல்லோரும் இருக்கும்போதே, "தாத்தா, டில்லிக் குதிரை எல்லாம் கட்டுக்கதை. தேசிங்கோட அப்பா சரூப் சிங். பாட்டுல அந்தப் பேரே இல்ல. நவாப் சாதத்துல்லா கான் கேட்ட கப்பப் பாக்கியால வந்த சண்டை இது. ரெண்டு பேருமே டில்லி பாதுஷா பேரைச் சொல்லி ஆண்டவங்கதான். 1714 அக்டோபர் 3, ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

தாத்தா கோபப்படவில்லை. "செரிடா வாத்தியாரே" என்று சொல்லிப் புத்தகத்தை மடித்தார். அதற்கப்புறம் நான் இருக்கும்போது அவர் பாடியதில்லை. நான் சொன்ன தேதியும் பெயரும் சரி. இன்றைக்கும் சரிதான். ஆனால் இருபத்திரண்டு வயதில் செத்தவனைத் தெருவே அழும்படி எழுப்பிக் காட்ட, தாத்தாவிடம் கண்ணாடியும் விளக்கும் இல்லை, குரல்தான் இருந்தது. கார்ட்னர் செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பெற்றவள் தேடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் உடம்பு அது. தாத்தா அப்படி யாரையும் இடம் மாற்றிக் கிடத்தவில்லை.

போன மாதம் செட்டிக்குளம் பக்கம் போனேன். தேசிங்கைத் தகனம் செய்த இடம் என்று சொல்லும் மேடை அங்கே இருக்கிறது. குளக்கரையில் உட்கார்ந்து தாத்தாவின் பாட்டை நினைவுபடுத்திப் பார்த்தேன். குதிரை வர்ணனையில் பாதியும், ராணி திரைக்குப் பின்னால் நின்று விடைகொடுக்கும் இடத்தில் இரண்டு அடியும்தான் வந்தன. ராகம் சுத்தமாகப் போய்விட்டது. அச்சுப் புத்தகம் கடையில் கிடைக்கும், அதில் ராகம் இல்லையே. செஞ்சி, மேல்மலையனூர், ஆரணிப் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இதைப் பாடக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நேரில் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். குறுக்கே பேச மாட்டேன்.